பேச்சு கேட்கும் வேகம்

என் கணவர் இறந்த பிறகு எங்கள் பிக்கப் வண்டி அதிகமாகக் குடிக்கத் தொடங்கியது. துக்கத்தில் மனிதர்கள் குடிப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு வண்டி குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முன்பும் அது கொஞ்சமாகக் குடித்ததில்லை. பின்னால் மட்டும் நான்கு டயர், முன்னால் ஒரு ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்கு பானெட், நடுவில் சாதாரண கார்களை வெட்கப்பட வைக்கும் எஞ்சின். ஆனால் பெட்ரோல் பங்க்குக்கு வாரம் ஒருமுறை போய்க்கொண்டிருந்த வண்டி இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் போய் நின்றது. மெக்கானிக் பில்டரை மாற்றினார். நாசிலைக் கழற்றிக் கழுவினார். கடைசியில், "வயசாச்சும்மா" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஆழ்துளைக் கிணறுகளுக்குள் பழுதாகிக் கிடக்கும் மோட்டாரை மேலே எடுத்து, சரிசெய்து, மறுபடி இறக்குவது எங்கள் தொழில். ஒன்றோடொன்று முடுக்கிய இரும்புக் குழாய்களின் நுனியில் மோட்டார் தொங்கும். ஒரு குழாயை இழுத்து, கிணற்று வாயில் கிளாம்ப் போட்டு நிறுத்தி, கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை இழுக்க வேண்டும். இழுக்கிற விஞ்ச் வண்டியின் முதுகில் இருக்கிறது. அதைச் சுற்றுவது வண்டியின் எஞ்சின். ஆகவே எங்கள் வண்டி ஓடும்போதும் குடிக்கும், நிற்கும்போதும் குடிக்கும்.

இதுதான் என் கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. அவன் டாக்ஸி ஓட்டுபவன். சக்கரம் சுற்றாமல் டீசல் போவது அவனுக்குத் திருட்டுப் போவது மாதிரி.

"என் காரு டீசலை மோந்து பாத்தாலே ஓடும் அண்ணி. இது குளிச்சாதான் ஓடும்னுது."

"உன் காரை விட்டு ஒரு மோட்டாரைத் தூக்கிக் காட்டு தம்பி, அப்புறம் பேசலாம்."

"சிரிக்காதீங்க. நீங்க சம்பாதிக்கிறது எல்லாத்தையும் அது வாயிலதான் ஊத்துறீங்க. மரக்கடைக்காரர் வண்டியை வாங்கிக்கிறதுக்கு ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்னு சொல்லியிருக்காரு. நல்ல மனுஷன். குடுத்துட்டு நிம்மதியா இருங்க."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணன் போன பிறகு எனக்காக ஓடியாடியவன் அவன்தான். வாசற்படியில் எங்களிடம் வேலை செய்யும் கொக்கி நின்றிருந்தார். கிணற்று வாயில் நின்று கொக்கி மாட்டுகிற வேலையையே வாழ்நாள் முழுக்கச் செய்ததால் அவருக்கு அந்தப் பெயர். செருப்பை ஒருமுறை கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். வண்டி போனால் அவருக்கு வேலை இல்லை. எனக்கும்தான். இந்தத் தொழிலைத் தவிர எனக்குப் புத்தகம் படிக்க மட்டுமே தெரியும், அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

சனிக்கிழமை காலை ஒரு சலவைக் கூடத்தில் மோட்டார் நின்றுவிட்டதாக போன் வந்தது. கொக்கி கிளம்பினார். வண்டியைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தால்தான் மரக்கடைக்காரரிடம் பேச முடியும் என்று கொழுந்தன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான்.

"நானும் வர்றேன்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர் இருந்தவரை எல்லா வேலைக்கும் அவரோடு போனவள் நான். அவர் போன பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. சீட்டுக்குப் பின்னால் என் மடக்கு நாற்காலி அப்படியே இருந்தது.

வழியெல்லாம் கொழுந்தன் ரோட்டைவிட டீசல் முள்ளைத்தான் அதிகம் பார்த்தான். "பாருங்க, பாருங்க, ஒரு மேம்பாலம் ஏறுனதுக்கே முகத்தைத் தொங்கப் போட்டுடுச்சு."

சலவைக் கூடத்தின் பின்கட்டில் கிணறு. கொடிகளில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் பாதி காய்ந்து தொங்கின. நான் வழக்கமான இடத்தில், விஞ்ச்சின் கைப்பிடிகளுக்குப் பக்கத்தில், நாற்காலியை விரித்து உட்கார்ந்தேன். கைப்பிடிகள் இரண்டு. ஒன்று எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, மற்றது கயிற்றைச் சுற்றுவது. கொக்கி முதல் கைப்பிடியை முழுக்க இழுத்து, அது பின்வாங்காதபடி இடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகினார். எஞ்சின் உறுமியது. பிறகு கயிற்றுக்கும் கிணற்றுக்குமாக ஓடத் தொடங்கினார்.

கொழுந்தன் என்னைப் பார்த்து ஏதோ சொன்னான்.

"என்ன?"

மறுபடி சொன்னான்.

"என்னப்பா?"

என் காதருகே வந்து கத்தினான். "தண்ணி வேணுமான்னு கேட்டேன்."

எனக்குத் தண்ணீர் வேண்டாம். ஆனால் அவன் கத்தியது என்னை யோசிக்க வைத்தது. இதே நாற்காலியில், இதே எஞ்சினுக்குப் பக்கத்தில் எத்தனையோ வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். "என்ன?" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்கத் தேவை இருந்ததில்லை. என் கணவர் கைப்பிடியைப் பிடித்திருப்பார், நான் புத்தகத்தைப் பிடித்திருப்பேன். சத்தமாக வாசிப்பேன். என் குரல் காதில் விழாவிட்டால் எஞ்சினைக் குறைத்துவிட்டு, "அந்த வரியை இன்னொரு தடவை படி" என்பார். கயிறு இறுகும்போது ஒரு சொட்டு கூட்டுவார். கொக்கி கிளாம்ப்பை முடுக்கிக் குழாயைக் கழற்றுகிற நேரம் முழுக்க எஞ்சினைத் தூங்க விட்டுவிடுவார். எனக்காக மெதுவாக ஓட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். டீசலை நான் நினைத்ததே இல்லை. அவர் நினைத்தாரா என்பதும் தெரியாது.

கயிறு நிற்கும்போதும் எஞ்சினை முழு வேகத்தில் வைத்திருந்த அந்த மரக்கட்டையை எழுந்துபோய்ப் பிடுங்கிப் போட்டேன். எஞ்சின் தணிந்தது. படுக்கை விரிப்புகள் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அக்கா, இந்த வேகத்துல தூக்காது" என்றார் கொக்கி.

"தூக்கும். அவரு இதுல தூக்கலையா?"

"அண்ணன் இங்க நின்னாரு, நான் அங்க நின்னேன். இப்ப ஒத்த ஆளா நான் எங்கன்னு நிக்கிறது? கட்டையை வச்சாதான் ஓடிப்போய் மாட்ட முடியுது."

"அது உங்க தப்பு இல்ல. இங்க ஆள் இல்லாமப் போச்சு. இப்ப இருக்கு, நீங்க அங்க போய் நில்லுங்க."

கைப்பிடி என் கைக்குப் புதிதுதான். ஆனால் அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். எந்த இடத்தில் கூட்டுவார், எந்த இடத்தில் விடுவார் என்று காது சொல்ல, கை செய்தது. முதல் குழாய் மெதுவாக, ஈரமாக, அலுங்காமல் மேலே வந்தது. கொக்கி கிளாம்ப் போட்டார். நான் எஞ்சினைத் தூங்க விட்டேன். கொழுந்தன் கழற்றிய குழாயைத் தோளில் வாங்கிக்கொண்டு, "அண்ணி, நீங்க பேசாம டாக்ஸி ஓட்ட வந்திருக்கலாம்" என்றான். அவன் கத்தவில்லை. எனக்குக் கேட்டது.

பாதிக் குழாய்கள் வந்திருக்கும். கொக்கி குனிந்தபடியே கேட்டார். "அக்கா, அந்தப் படகுக்காரன் கரை சேந்தானா இல்லையா?"

"எந்தப் படகுக்காரன்?"

"கடைசியா படிச்சீங்களே. புயல்ல மாட்டிக்கிட்டவன். அண்ணன் போனப்புறம் உங்ககிட்ட வந்து இதைப் போய்க் கேக்குறதான்னு விட்டுட்டேன்."

அவரும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

"தெரியலையே" என்றேன். "அதுக்கப்புறம் நான் அதைத் திறக்கவே இல்ல."

"அப்ப அவன் இன்னும் தண்ணிலதான் கெடக்கானா?" என்றார் கொக்கி. கிளாம்ப்பை முடுக்கினார்.

மோட்டார் வந்தது. கருகியிருந்த வயரை மாற்றி, சாப்பிட்ட பிறகு அதே வேகத்தில் இறக்கினோம். வேலை முடியக் கொஞ்சம் கூடுதல் நேரமானது உண்மைதான். சலவைக் கூடத்து அம்மா தண்ணீர் வந்ததைப் பார்த்தார்களே தவிர மணியைப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது கொழுந்தன் சாவியைத் திருகி முள்ளைப் பார்த்தான். கண்ணாடியை விரலால் தட்டினான். சாவியை அணைத்துவிட்டு மறுபடி திருகினான்.

"முள்ளு மாட்டிக்கிச்சு போல."

"மாட்டல."

"காலைல வந்து நின்னப்ப இருந்த இடத்துல இருந்து கொஞ்சூண்டுதான் எறங்கியிருக்கு, அண்ணி."

"ரோட்டுல அது குடிக்கத்தான் செய்யும், அதை யாராலும் நிறுத்த முடியாது. ஒரே பக்கத்து வேலையா சேத்துப் போகணும். மத்தபடி நின்னுக்கிட்டுக் குடிச்சதைத்தான் இன்னிக்கு நிறுத்தியாச்சே."

அவன் வண்டியை எடுத்தான். மேம்பாலத்தில் ஏறும்போது பழக்கதோஷத்தில் முள்ளை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"மரக்கடைக்காரருக்கு நான் என்ன சொல்றது?"

"படகுக்காரன் கரை சேர்ற வரைக்கும் வண்டியைக் குடுக்கிறதா இல்லைன்னு சொல்லு."

"சேந்துட்டா?"

"வீட்டுல வேற புத்தகம் இருக்கு" என்றேன்.

பின்சீட்டில் கொக்கி சிரித்தார். திங்கட்கிழமைக்கு இரண்டு வேலை இருந்தது, இரண்டும் ஒரே பக்கம். புத்தகத்தை எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.