ஒல்லாந்தில் உப்பு விளைந்த கதை

றுமைஸா டீச்சர் மூடியைத் தூக்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒல்லாந்து முழுக்க உப்புப் பூத்திருந்தது.

ஒல்லாந்து என்பது மீன் போடும், ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பெட்டி ஒன்று. நடுவே களிமண் வரம்பு. ஒரு பக்கம் கடல். மறுபக்கம், கடலைவிடத் தாழ்வாக, வயலும் காகிதப் பூக்களும். ஒரு தடியைச் சுற்றித் திருகாணி போல ரப்பர் குழாய் ஓடியது. ஐஸ்கிறீம் மூடியில் வெட்டிய காற்றாடி தடியைச் சுழற்றினால், வயலில் ஊறும் தண்ணீர் குழாய் வழியே படிப்படியாக ஏறி வரம்பைத் தாண்டிக் கடலில் விழும். கல்பிட்டிக் கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர்கள் தங்கள் சொந்த நாட்டைக் கடலிடமிருந்து எப்படிப் பிடுங்கி எடுத்தார்கள் என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட, ஒரு மாதமாக அவள் அதோடு மல்லுக்கட்டியிருந்தாள்.

இன்று பாடசாலை அதிபர் ஜப்பார் பார்க்க வருகிறார். பெட்டி வேலை செய்தால், வியாழன் கடைசிப் பாடவேளை அவளுடைய வரலாற்றுக்கே. இல்லாவிட்டால் அது கணக்குக்குப் போய்விடும்.

"யாரு வரம்ப வெட்டின?"

இப்ஹாம் பெருமையோடு எழுந்தான். "நாங்கதான் டீச்சர். வாய் வெட்டிக் களப்பு உப்புத் தண்ணி உட்டுட்டு, திரும்ப அடைச்சிட்டோம். ரெண்டு நாள் வெயில்ல வெச்ச. எப்பிடி விளைஞ்சிரிக்கி பாருங்க!"

அவள் வாயைத் திறப்பதற்குள் அதிபர் வாசலில் நின்றார். குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"நல்ல உப்பு. ஆனா டீச்சர், இதுக்கு எதுக்கு ஒல்லாந்து வரைக்கும் போகணும்? புத்தளத்து உப்பளம் போதுமே."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"சேர், கொஞ்சம் பொறுங்க. இந்தக் காத்தாடி..."

"கணக்கு சேர் அடுத்த கிழமையே தொடங்கட்டும்" என்றபடி அவர் போய்விட்டார்.

றுமைஸா ஆத்திரத்தோடு வகுப்பின் பக்கம் திரும்பினாள். "ஒரு மாசமாத் தொண்டத்தண்ணி வத்தக் கத்தினேனே! நான் என்ன சொன்னன்?"

முன்வரிசையில் இருந்த ஷஃபீனா மெல்லச் சொன்னாள். "உள்ளுக்க இரிக்கிற தண்ணி போகணும் எண்டு சொன்னீங்க. போயிட்டுதானே டீச்சர்? வெயில் எடுத்திட்டு. ஒல்லாந்து ஆக்கள்தான் பைத்தியம். சும்மா உட்டா உப்பாகிற தண்ணிய என்னத்துக்கு இறைக்கிற?"

றுமைஸா கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். காற்றைச் சொல்லியிருந்தாள், வரம்பைச் சொல்லியிருந்தாள், திருகாணியைப் பிரித்துக்கூடக் காட்டியிருந்தாள். வெயிலைச் சொல்லவில்லை. உப்பளக்கரைப் பிள்ளைகளுக்கு வரம்பு கட்டுவது தண்ணீரைப் பிடித்து வைக்கத்தானே!

"அங்க இந்த வெயில் இல்ல பிள்ள" என்றாள், கோபம் அடங்காமலே. "வருசம் முழுக்க மழையும் மூடாப்பும்தான். தண்ணி காயுறதுக்குள்ள அடுத்த மழை வந்துரும். சும்மா உட்டா உப்பு வராது, வயல் அழுகும். அதுதான் இறைக்கிறாங்க. இண்டைக்கும் இறைக்கிறாங்க. நிப்பாட்டினா நாட்டில பாதி தண்ணிக்குள்ள."

இப்ஹாம் நெற்றியைச் சுருக்கினான்.

"டீச்சர், அவங்க கப்பல் கப்பலா மீன் புடிச்ச எண்டீங்க. வெயிலும் இல்ல, உப்பும் இல்ல எண்டா அந்த மீனையெல்லாம் என்ன செஞ்ச? நாறிப் போகாதா?"

அவள் நிமிர்ந்தாள். ஒரு மாதமாக அவள் காத்திருந்த கேள்வி. போர்த்துக்கலின் உப்பளங்கள், அங்கே உப்பு ஏற்றப் போன கப்பல்கள், மீனை உப்பிட்டு அடைத்த பீப்பாக்கள், அந்தப் பீப்பாக்களை விற்றே வளர்ந்த ஊர்கள் என்று வரிசையாக நாக்கின் நுனிக்கு வந்தன. கரும்பலகையில் எழுதச் சாக்கட்டியைக் கையில் எடுத்தாள்.

மணி அடித்தது.

அவள் சாக்கட்டியை மேசையில் எறிந்தாள். பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"இப்ஹாம், மத்தப் பக்கத்தத் தூக்கு."

"எங்க டீச்சர்?"

"அதிபர்ட கந்தோருக்கு. இப்ப என்னட்டக் கேட்டத அப்பிடியே அவருட்டக் கேளு. பதில் தெரிஞ்சா அவர் சொல்லட்டும். தெரியாட்டி என்ட பாடவேளையத் தரட்டும்."