குழாயின் பங்கு

கொழுந்தனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அண்ணி வசமாக மாட்டிக்கொண்டாள். இப்படி ஆகும் என்று அவள் புருஷன் அப்போதே சொன்னான். ஆனால் அவன் எதற்குத்தான் அப்படிச் சொல்லவில்லை?

வாக்கு இதுதான். நூலகத்தின் ஆண்டு விழா மேடையில் அவள் ஓபோ என்கிற சின்ன மேல்நாட்டுக் குழல் வாசிப்பாள், கொழுந்தன் பஸ்ஸூன் என்கிற பெரிய குழல் வாசிப்பான், மூன்றாவது ஆள் கிடையாது. அவள் பல் மருத்துவரிடம் நர்ஸ். அவன் லிப்ட் பழுதுபார்ப்பவன். இருவரும் ஊர் வாத்தியக் குழுவில் பல வருடமாக இருக்கிறார்கள். அவள் முன்னால், அவன் அவளுக்கு நேர் பின்னால். ஓபோ பாட்டைப் பாடும், பஸ்ஸூன் கீழேயிருந்து பூம் பூம் என்று முட்டுக்கொடுக்கும். நிறுத்தி வைத்தால் ஓர் ஆளின் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் அந்த மரக்குழாயைப் பார்த்து அவள் மகள் ‘குழாய் சித்தப்பா’ என்று பெயர் வைக்க, கொஞ்ச நாளில் எல்லோருக்கும் அவன் குழாய் ஆகிவிட்டான். அதில் அவனுக்கு வருத்தமில்லை. ஒரு பாட்டைக்கூட முதலிலிருந்து கடைசிவரை தான் வாசித்ததில்லை என்பதுதான் வருத்தம். ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே அதைச் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளுக்கு மனசு கேட்கவில்லை, கையில் பிடித்திருந்த தட்டோடு அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த பிறகுதான் தெரிந்தது, ஓபோவும் பஸ்ஸூனும் மட்டும் சேர்ந்து வாசிக்கிற இசைத்தாள் லேசில் கிடைக்காது என்று. இணையத்தில் இருந்தவற்றில் பாதி இவர்கள் விரலுக்கு எட்டாத கஷ்டம். மீதியைத் தபாலில் வரவழைக்க வேண்டும், வருவதற்குள் விழா முடிந்திருக்கும். மற்றபடி எங்கே பார்த்தாலும் நடுவில் ஒரு பியானோ வந்து உட்கார்ந்துகொண்டது.

நூலகர் அம்மாள் கண்டிப்பானவர். “இன்னிக்குச் சாயங்காலம் நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள ரெண்டு பேரும் ஏதாவது ஒண்ணு வாசிச்சுக் காட்டுங்க. இல்லைன்னா நீங்க பியானோ டீச்சரோட வாசிங்க” என்றார்.

“அப்ப இவன்?”

“முன் வரிசையில நல்ல நாற்காலியா போட்டுத் தரேன். உட்கார்ந்து கேக்கட்டும்.”

அண்ணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாற்காலி கொடுக்கிறார்களாம், நாற்காலி. அதே வேகத்தில் நிலவறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, குழாயையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். காலம் காலமாக யார் யாரோ கொடுத்துவிட்டுப் போன இசைத்தாள்கள் அங்கே அட்டைப்பெட்டிகளில் கிடந்தன.

தூசி மூக்கைப் பிய்த்தது. புல்லாங்குழலுக்கும் பஸ்ஸூனுக்கும் எழுதிய தாள் கிடைத்தது, அந்த உச்ச ஸ்தாயிக்கு ஓபோ ஏறாது. நான்கு பஸ்ஸூன்களுக்கு எழுதியது ஒன்று கிடைத்தது. “மூணு பேரைக் கடத்திட்டு வந்தா வாசிச்சுடலாம்” என்றான் குழாய். அவன் தும்மலும் சிரிப்புமாக இருந்தான். அவள் அடுத்த பெட்டியைக் கவிழ்த்தாள்.

கடைசிப் பெட்டியின் அடியில், யாரோ மையால் அழகாகக் கையால் எழுதிய ஒற்றைத் தாள். மேலே ‘ஓபோவுக்கும் பஸ்ஸூனுக்கும்’ என்று இருந்தது. அண்ணி அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். “குழாய், மாட்டிச்சுடா” என்று கத்தினாள். மேலே வாசகர்கள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கியிருப்பார்கள், தூக்கட்டும்.

இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு படித்தார்கள். அருமையான பாட்டு. கஷ்டமும் இல்லை. ஆனால் தாளில் இருந்தது ஓபோவின் பங்கு மட்டுமே. பஸ்ஸூன் பங்கு இன்னொரு தாளில் இருந்திருக்க வேண்டும். தாளின் பின்பக்கம் வெறுமை. முன்பக்கத்தின் வலது கீழ் மூலையில் எழுதியவர் பொழுதுபோகாமல் ஏதோ பூவேலை செய்திருந்தார், அவ்வளவுதான். பெட்டிகளைத் திரும்பவும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்கள். இரண்டாவது தாள் இல்லவே இல்லை.

“என் பங்கை எலி சாப்பிட்டிருக்கும். ருசி தெரிஞ்ச எலி” என்றான் அவன். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மேலே போய் ஒத்திகை அறையில் இருந்த மேசை முன் தொப்பென்று உட்கார்ந்தாள். தாளைத் தன் முன்னால் போட்டுக்கொண்டு, அவனிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினாள். அவன் இரண்டு கோப்பை தேநீர் வாங்கி வந்தான். எப்போதும் அவள் பக்கத்தில் நின்றே தாளைப் பார்க்கிறவன், பக்கத்து நாற்காலியில் அவளுடைய ஓபோ பெட்டி இருந்ததால் மேசையைச் சுற்றிப் போய் எதிரே உட்கார்ந்தான்.

“தம்பி, நான் சொன்ன சொல்லை…” என்று ஆரம்பித்தாள்.

அவன் கேட்கவில்லை. தாளையே வெறித்துக்கொண்டிருந்தான். அவள் அதை எடுக்கக் கை நீட்டினாள்.

“அண்ணி, திருப்பாதீங்க. அப்படியே இருக்கட்டும்.”

“என்னடா?”

“அந்தப் பூவேலை பூவேலை இல்ல. இங்கிருந்து பாத்தா காது தெரியுது.”

பஸ்ஸூன்காரர்களின் வரி ஒரு காது போன்ற குறியோடும் இரண்டு புள்ளிகளோடும்தான் தொடங்கும். அவள் பக்கத்தில் தலைகீழாகக் கடைசி மூலையில் கிடந்த கிறுக்கல், அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் முதல் வரியின் முதல் குறி. எழுதியவர் இரண்டாவது தாளைத் தொலைக்கவில்லை, எழுதவே இல்லை. ஒரே தாளை மேசையில் வைத்து எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி மேலிருந்து கீழாகவும் ஒருவன் கீழிருந்து மேலாகவும் வாசிக்க வேண்டும். தோளோடு தோள் நின்றவரை இருவருக்கும் அது தெரியாமலே போயிற்று.

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஓபோவின் சீவாளியை வாயில் போட்டு நனைத்தபடியே, “சீக்கிரம் மாட்டுடா, மாட்டு” என்றாள். வார்த்தை பாதிதான் வெளியே வந்தது. பழுதான லிப்டில் ஆள் மாட்டியிருந்தாலும் பதறாத குழாய், தன் குழாயைப் பூட்டத் தெரியாமல் தடுமாறினான்.

முதல் தடவை அவன் சிரித்துவிட்டதால் பாதியில் நின்றது. இரண்டாம் தடவை நிற்கவில்லை. அவள் ஏறிய இடத்தில் அவன் இறங்கினான், அவள் ஓய்ந்த இடத்தில் அவன் எடுத்துக்கொண்டான். பூம் பூம் என்று எங்குமே இல்லை. இருவர் கண்களும் நடு வரியில் ஒன்றை ஒன்று கடந்து போயின. அவள் தொடங்கிய இடத்தில் அவன் முடித்தான்.

“அண்ணி, எனக்கும் உங்களுக்கும் ஒரே பாட்டுத்தான்” என்றான் மூச்சு வாங்க. “ஒரு புள்ளிகூடக் குறையல. முழுசா வாசிச்சுட்டேன்.” கொஞ்சம் பொறுத்து, “இத்தனை வருஷமா உங்க பின்னந்தலையைப் பாத்தே வாசிச்சிருக்கேன். வாசிக்கும்போது நீங்க இப்படி முழிப்பீங்கன்னு எனக்குத் தெரியாது” என்றான்.

“உதை வாங்குவே” என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை மறைக்கவில்லை.

சத்தம் கேட்டு அதட்ட வந்த நூலகர் அம்மாள் எப்போதிருந்து வாசலில் நின்றார் என்று தெரியவில்லை. கையில் நிகழ்ச்சி நிரல் இருந்தது. மேசையை, தாளை, குழாயை மாறி மாறிப் பார்த்தார். பேனாவை எடுத்து எதையோ அடித்துவிட்டு எதையோ எழுதினார்.

“அப்ப பியானோ டீச்சருக்கு நான் என்ன சொல்லட்டும்?” என்றார்.

“முன் வரிசையில நல்ல நாற்காலியா போட்டுக் குடுங்க மேடம்” என்றாள் அண்ணி. “எங்களுக்கு இந்த மேசை போதும்.”