கறுப்பு பார்க்கும் அறை

ஒன்பது நாளாக அந்தக் கூடத்துச் சுவரில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. புது டிவி வந்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று தெரிய வேண்டுமாம். எழுபத்தைந்து அங்குலத்துக்குத் தாள்களை வெட்டி, சேர்த்து ஒட்டி, நான்கு மூலையிலும் டேப் அடித்துவிட்டு, எதிர் சோபாவில் உட்கார்ந்து மாலை முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தான் அவளுடைய கணவன். ஒரு தடவை ரசித்துத் தலையைக்கூட ஆட்டினான். நல்ல காட்சி போலிருக்கிறது.

அந்தச் செய்தித்தாளுக்கு நேர் கீழே அவளுடைய கட்டில் கிடந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பதினேழு வருட வேலை. கடைசி ஆறு வருடமாக இரவுப் பணி மட்டும். ஊர் பல் தேய்க்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்து படுப்பாள். படுக்கையறையில் படுக்க வழியில்லை. அதன் ஜன்னலுக்கு வெளியே தகரப் பட்டறை. காலை ஒன்பதுக்குத் தட்டத் தொடங்கினால் மாலை ஐந்து வரை ஓயாது. அதனால் ஒரு ஒற்றைக் கட்டில் கூடத்துக்கு வந்தது. கதவோ ஜன்னலோ இல்லாத ஒரே சுவர் ஓரமாக அதைப் போட்டாள். டிவிக்கும் அதே சுவர்தான் பிடித்துப்போயிற்று.

"கட்டில் எங்க போகும்?" என்று முதல் நாளே கேட்டாள்.

"அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

மூன்றாம் நாளும் கேட்டாள். "முதல்ல டிவி வரட்டும்மா" என்றான். ஏழாம் நாள் கேட்டபோது அளவு டேப்பைச் சர்ரென்று உள்ளே இழுத்துவிட்டு, கேள்வியும் அதோடு உள்ளே போய்விட்ட மாதிரி எழுந்து போனான்.

அவனையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. பேருந்து டிப்போவில் யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், போனார்கள் என்று நாள் முழுக்க எழுதிவிட்டு வீட்டுக்கு வருகிறவன். பழைய டிவியில் குறுக்கே ஒரு பச்சைக் கோடு விழுந்து இரண்டு வருடமாகிறது. கோடு சரியாக மூக்குக்குக் கீழே ஓடும். கதாநாயகி, நீதிபதி, செய்தி வாசிக்கிற பெண் எல்லோருக்கும் பச்சை மீசை. மனிதனுக்கு ஆசை வரத்தான் செய்யும்.

ஆசையை அவன் தனியாக வைத்துக்கொண்டிருந்தால் சிக்கலில்லை. தன் அக்கா புருஷனிடம் சொல்லிவிட்டான். அவருக்குக் குடும்பத்தில் 'டெக்னிக்கல்' என்று பெயர். குடிநீர் அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிற உத்தியோகம். இருபது வருடத்துக்கு முன் ஒரு மின்விசிறி ரெகுலேட்டரைத் தானே மாற்றினார். அந்த விசிறி அன்றிலிருந்து ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது, ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. உறவில் யார் மிக்ஸி வாங்கினாலும் அவர் கூடப் போக வேண்டும். போகாவிட்டால் அடுத்த விசேஷத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு அவள் வேலை முடிந்து வந்தபோது இருவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்கள்.

"நீயும் வந்துடு தங்கச்சி" என்றார் டெக்னிக்கல். "நாளைக்கு யாரும் உன்னைக் கேக்கலைன்னு ஆகிடக் கூடாது பாரு."

"தூங்கணும் அண்ணா."

"கடையில சோபா இருக்கு."

அப்படித்தான் போனாள். முந்தின இரவு பதினேழு மார்பு, நான்கு முழங்கால், பொம்மைக்குள் இருந்த பேட்டரியை விழுங்கிய ஒரு குழந்தை. கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போலிருந்தது. ஆனால் எப்படியும் அங்கே கட்டில் பேச்சு வரும், வந்தால் பதில் சொல்லத் தான் இருக்க வேண்டும் என்ற ஒரு நினைப்பு அவளை நடக்க வைத்தது.

கடையின் இரண்டாவது மாடியில் சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே நேரத்தில், ஒரே பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு சிவப்பான பழத்தை யாரும் தைரியமாகத் தின்ன மாட்டார்கள். வரவேற்க வந்த விற்பனையாளர் ஐம்பதை நெருங்கியவர். கழுத்தில் டை, கன்னத்தில் ஒதுக்கிய இருமல் மிட்டாய். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு அவர் மாறி நின்ற விதத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்தது, நின்று நின்றே தேய்ந்த கால்.

"என்ன மாதிரி பார்க்கறீங்க சார்?"

டெக்னிக்கல் கையை உயர்த்தினார். "எல்ஈடி, க்யூஎல்ஈடி, மினி எல்ஈடி எதையும் எங்களுக்கு விளக்க வேண்டாம். எல்லாம் கரைச்சுக் குடிச்சாச்சு. நேரா கறுப்பைக் காட்டுங்க."

"கறுப்பா சார்?"

"கலரை எவன் வேணா காட்டிடுவான். ஒரு டிவியோட யோக்கியதை கறுப்புலதான் தெரியும்."

விற்பனையாளருக்கு இது புதிதல்ல. வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் இப்போது கறுப்பைத்தான் கேட்கிறார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த ஒரு அறைக்கு அழைத்துப்போனார். கதவில் 'அனுபவ அறை' என்று எழுதியிருந்தது. உள்ளே தரை, சுவர், கூரை எல்லாம் கறுப்புத் துணி. கதவைச் சாத்தியதும் கடையின் இரைச்சல் அறுந்து விழுந்தது. ஏசி இதமாக ஓடியது. எதிர்ச் சுவரில் மூன்று பெரிய டிவிகள், இந்தப் பக்கம் மெத்தென்று ஒரு நீளச் சோபா. அவள் ஓரத்தில் உட்கார்ந்தாள். உடம்பு தானாகச் சரிந்தது.

"இடது பக்கம் இருக்கறது பின்னாடி விளக்கு வச்ச மாதிரி" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார் விற்பனையாளர். "கறுப்பு காட்டினாலும் விளக்கு கொஞ்சம் கசியும். வலது பக்கம் புதுசு, ஓஎல்ஈடி. ஒவ்வொரு புள்ளியும் தனியா எரியும். கறுப்பு வேணும்னா அந்தப் புள்ளி அணைஞ்சுடும். அவ்வளவுதான் சார் ரகசியம்."

கொடுத்து வைத்த புள்ளி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

விளக்குகள் அணைந்தன. திரைகள் கறுத்தன. படித்த, சம்பளம் வாங்குகிற இரண்டு ஆண்கள் இருட்டு அறையில் நின்று, ஒன்றுமே ஓடாத திரைகளை மூச்சு விடாமல் ஆராயத் தொடங்கினார்கள்.

"இடது வெளுத்துப்போச்சு" என்றார் டெக்னிக்கல். "வலது பரவாயில்லை. ஆனா நடுவுல பாரு மாப்பிள்ளை. அதுதான் கறுப்பு! பாதாளம்! உள்ள விழுந்துடுவோமோன்னு பயமா இருக்கு. வலதுக்கும் இதுக்கும் ஒரு படி வித்தியாசம், தெரியுதா?"

"ஆமாம் அத்தான்" என்றான் கணவன், தெரியாமலே.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். சாம்பலில் நூறு சாயல் பிரித்துப் பார்ப்பதுதான் அவளுடைய பிழைப்பு. விலா எலும்பில் முடியளவு விரிசலைக் கண்டுபிடிக்கிற கண். வலதுக்கும் நடுவுக்கும் எந்தப் படியும் இல்லை. நடு டிவியின் கீழே எரிய வேண்டிய சின்னச் சிவப்புப் பொட்டும் இல்லை. அந்த டிவி போடப்படவே இல்லை.

விற்பனையாளருக்கும் அது தெரியும். அந்தச் செட்டுக்குப் போர்டு மாற்ற வேண்டும் என்று வியாழக்கிழமையே இணைப்பைக் கழற்றியிருந்தார்கள். பதினாறு வருட அனுபவத்தில் அவர் சனிக்கிழமைகளில் வாடிக்கையாளரைத் திருத்தியதில்லை. அடுத்து நட்சத்திரக் காட்சி வந்தபோது இடதிலும் வலதிலும் மட்டும் நட்சத்திரம் வந்தது. ஆனால் டெக்னிக்கல் அப்போது திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கறுப்பின் தத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அத்தான் பேசும்போது அத்தான் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது கணவனின் வழக்கம். சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அவள் தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது அறையில் வேறு யாரும் இல்லை. கதவைக் கொஞ்சம் திறந்து விற்பனையாளர் எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமாச்சு?" என்று பதறி எழுந்தாள்.

"முக்கால் மணி நேரம்மா. அவங்க ஸ்பீக்கர் பார்க்கப் போனாங்க. உள்ள ரிப்பேர் நடக்குதுன்னு சொல்லி நான் யாரையும் விடலை." பிறகு தயங்கி, "நைட் டூட்டியா?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"என் சம்சாரம் துணி மில்லுல. அவளும் உட்கார்ந்தா இப்படித்தான் தூங்குவா, வாயைத் திறந்துகிட்டு."

அவள் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே மேஜையில் டெக்னிக்கலும் கணவனும் உட்கார்ந்திருந்தார்கள். முடிவாகிவிட்டது. எழுபத்தைந்து அங்குலம். விற்பனையாளர் ஒரு படிவத்தை எடுத்தார். பொருத்த வருகிற ஆட்களுக்காக நிரப்புவது.

"சுவர் செங்கல்லா சார்?"

"செங்கல்."

"மாட்டற சுவருக்குக் கீழ என்ன இருக்கு? நாலடி காலியா இருந்தாத்தான் ஆளுங்க நின்னு மாட்டுவாங்க."

"ஒண்ணுமில்லை" என்றான் கணவன். "காலிச் சுவர்தான்."

விற்பனையாளர் எழுதப்போனார். ஒன்பது நாளாக அவள் கேட்ட கேள்விக்குக் கடைசியில் பதில் வந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

"அங்க என் கட்டில் இருக்கு" என்றாள்.

பேனா நின்றது. கணவன் மேஜையைப் பார்த்தான்.

"அதை மடக்கி வச்சுக்கலாம் தங்கச்சி" என்றார் டெக்னிக்கல் பெருந்தன்மையாக. "பகல்ல ஒரு கோழித்தூக்கம் போடறதுக்குக் கட்டில் என்னத்துக்கு? பாய் போதாதா? தம்பி, நீங்க எழுதுங்க. நடுவுல இருந்துதே, அந்தப் பாதாளக் கறுப்பு, அதே மாடல்."

"அது ஓடவே இல்லை அண்ணா."

"எது?"

"நடு டிவி. போடவே இல்லை. சிவப்பு லைட்கூட எரியலை. கரண்ட் இல்லாத டிவியைத்தான் நீங்க அரைமணி நேரம் பாராட்டினீங்க."

டெக்னிக்கல் விற்பனையாளரைப் பார்த்தார். விற்பனையாளர் இருமல் மிட்டாயை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றினார். "போர்டு போயிருக்கு சார்" என்றார் மெல்ல.

"அதைத்தான் சொல்றேன்" என்றார் டெக்னிக்கல். "நிஜமான கறுப்பு எப்படி இருக்கும்னு ஒப்பிட்டுக் காட்டினேன்." ஆனால் காது சிவந்திருந்தது. கணவன் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தான். தோள் மட்டும் குலுங்கியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அத்தான் முன்னால் அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவன் படிவத்தைப் பார்த்தான். 'கீழே உள்ள பொருள்' என்ற கட்டம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

"அப்ப கட்டில் எங்க போகும்?" என்றான், யாரோ முதல் தடவையாகக் கேட்கிற கேள்வி மாதிரி.

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"உள் ரூம்ல?"

"தகரம் தட்டறானே. அங்க தூங்க முடிஞ்சா நான் ஏன் கூடத்துக்கு வரேன்?" பேசிக்கொண்டே வந்தவளுக்குத் திடீரென்று ஒன்று பட்டது. "டிவிக்கென்ன, தகரம் தட்டினா தூக்கமா கெடும்? அதை உள் ரூம்ல மாட்டுங்க. நீங்க வர்றப்போ பட்டறையும் மூடிடும்."

"உள் ரூம்லயா?" டெக்னிக்கல் பதறினார். "அங்க மாட்டினா யாரு பார்ப்பா?"

"வீட்டுல இருக்கறவங்க."

டெக்னிக்கலுக்கு இந்தக் கோணம் தோன்றியதே இல்லை. இவ்வளவு பெரிய டிவி, வருகிறவர் போகிறவர் கண்ணில் படாமல் பீரோ பக்கத்தில் முடங்குவதா?

கணவன் விரலால் மேஜையில் அளந்தான். உள் அறைச் சுவர் சின்னது. எழுபத்தைந்து நுழையாது. ஐம்பத்தைந்துதான் என்றார் விற்பனையாளர். இருபது அங்குலத்தை விட்டுக்கொடுப்பது அவனுக்குப் பல் பிடுங்குவது போலிருந்தது; முகத்தில் தெரிந்தது. அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்திருந்தது, நிற்கவும் முடியவில்லை.

"ஐம்பத்தஞ்சே எழுதுங்க" என்றான் கடைசியில். "உள் அறை."

"திங்கட்கிழமை கொண்டு வந்துடுவாங்க சார். காலை பத்திலிருந்து ரெண்டுக்குள்ள. சுவர்ல ஓட்டை போடணும், ஒரு மணி நேரம் சத்தம் இருக்கும்."

கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். சோர்ந்த கண், கலைந்த தலை, மாற்றாத ஆஸ்பத்திரிச் சட்டை. காலையிலிருந்து அவன் பார்த்த மற்ற எல்லாவற்றையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான்.

"அந்த நேரம் வேண்டாம். சாயங்காலம் அஞ்சுக்கு மேல வரச் சொல்லுங்க."

"அஞ்சுக்கு மேலன்னா ஆள் கிடைக்கப் பதினோரு நாள் ஆகும் சார்."

"ஆகட்டும்."

"பதினோரு நாளா!" என்றார் டெக்னிக்கல். அவருக்குக் கொஞ்சம் உயிர் திரும்பியிருந்தது. "அதுக்குள்ள டெக்னாலஜி எங்கேயோ போயிடும் மாப்பிள்ளை."

"போகட்டும் அத்தான்" என்றான் கணவன். "எங்க போனாலும் அஞ்சுக்கு மேல வந்தாப் போதும்."