ருஸ்லான் துரத்திய வீடு

இந்தோனேசியாவின் மூசி ஆற்றில் ருஸ்லானைப் போலப் படகு விட்டவன் எவனுமில்லை. காடு எரியும் புகைமூட்டத்தில் தும்மிக்கொண்டே ஊசிக்காதுக்குள் படகை நுழைத்துவிடுவான். பலெம்பாங்கில் யாரைக் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள், ஊசியைக் காட்டச் சொல்லாதவரை.

அப்பேர்ப்பட்டவனுக்குத் தலைக்குள் சின்னதாக ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கைகால் நன்றாக இருந்தன. கண்ணிலும் பழுதில்லை.

"முன்னால போகும்போது எதிரே ஒரு புள்ளி அசையாம நிக்கும். மத்ததெல்லாம் அதுலேர்ந்து விரிஞ்சு ரெண்டு பக்கமும் ஓடும்," என்றார் டாக்டர். "அதை வெச்சுத்தான் எங்க போறோம்னு மூளை கண்டுபிடிக்குது. உங்களுக்கு மூளையில அந்த வேலையைச் செய்யுற இடம் செத்துப்போச்சு. படகு வேணாம்."

படகு வேண்டாமென்றால் ருஸ்லான் எதற்கு? மனைவி ஹமிதாவிடம்கூட அவன் வாய் திறக்கவில்லை. எதிர்க்கரையில் ஒரு குறியைப் பிடித்து, படகின் மூக்கை அதிலேயே ஒட்டவைத்து ஓட்டினான். ஒன்பது நாள் பலித்தது.

பத்தாம் நாள் காலை பன்னிரண்டு பெண்கள் சந்தைக்கு ஏறினார்கள். துறையை ஒட்டி மூங்கில் தெப்பத்தின் மேல் மிதந்த பச்சைக்கூரை வீட்டைக் குறியாகப் பிடித்தான்.

"டேய் ருஸ்லான், துறை அங்க இருக்கு! எங்களைக் கடல்ல கொண்டுபோய் விக்கப்போறியா?" என்றாள் மீன்காரி ரொமானா.

"இது குறுக்கு வழி, அக்கா."

"ஆத்துல ஏதுடா குறுக்கு வழி?"

பச்சைக்கூரை வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கத்தினார்: "யோவ்! பக்கத்து வீட்டுக்காரனோட சண்டை போட்டு, வீட்டையே இழுத்துக்கிட்டு ஓடுறேன். நீ எதுக்குய்யா பின்னாலயே வர்றே?"

அப்போதுதான் வீட்டுக்கு அப்பால் கயிறும் இழுவைப்படகும் தெரிந்தன. பெண்கள் சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்த செத்த மீன்களே துள்ளியிருக்கும். ருஸ்லானும் சிரித்தான். சிரித்தபடியே கரையைத் தேடினான். பள்ளிவாசல், தென்னை, கூரைகள் எல்லாம் நாள்காட்டிப் படம்போல அப்படியப்படியே நின்றன. எதுவும் விரியவில்லை. எதுவும் ஓடவில்லை.

நிலக்கரித் தோணியை இழுத்துவந்த கப்பல் ஊதியது. மலைபோன்ற தோணி.

"மேல வருதுடா, திருப்பு!"

"எந்தப் பக்கம்க்கா?"

சிரிப்பு அறுந்தது. ரொமானா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுக்கானைப் பிடுங்கித் திருப்பினாள். தோணி ஒரு முழம் தள்ளிக் கடந்தது.

ரொமானாவே படகைத் துறையில் சேர்த்தாள். பெண்கள் இறங்கினார்கள். போகும்போது கூலியைக் கொடுத்து, ஒவ்வொருத்தியாக அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள், துக்க வீட்டில் தொடுவதுபோல. நாளை அவர்கள் வேறு படகில் ஏறுவார்கள். அது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ரொமானா மட்டும் நின்றாள். "ஹமிதாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் எஞ்சினை அணைத்தான். ஓடியபோது நின்றதுபோலவே கரை இப்போதும் நின்றது.

"அக்கா, படகு நின்னுடுச்சா?"