கறுக்காத இலை

"குழல்மேல என்ன பேரு போடறது?" என்று ஹோபார்ட் கேட்டது, அவர்களுக்குக் கல்யாணமான முதல் குளிர்காலத்தில்.

"உன் பேரத்தான். பொம்பள பேரு போட்ட துப்பாக்கிய எடுத்துட்டுக் காட்டுக்குப் போனா மான்கூட நின்னு சிரிக்கும்," என்றாள் ஐவலீ.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அதுவும் சரிதான்."

'ரெண்டு பேரும் சேர்ந்துதானே செய்யறோம்' என்று அவன் மறுத்துப் பேசுவான் என்றுதான் அவள் அப்படிச் சொல்லிவைத்தாள். சொன்ன வாய் தன்னுடையது. பிறகு யாரைக் கோபித்துக்கொள்வது?

அதன்பின் கென்டக்கி மலையில், ஓடைக்கரையிலிருந்த அந்தப் பட்டறையை விட்டுப் போன ஒவ்வொரு நீளத் துப்பாக்கியிலும் 'ஹோபார்ட் சைஸ்மோர்' என்று அவள்தான் வெட்டினாள். மரமும் குழலும் விசையும் அவன் வேலை. துப்பாக்கியின் அடிக்கட்டையில் குடைந்த சிறு பெட்டிக்குப் பதிக்கும் பித்தளை மூடியில் கொடியும் இலையும் செதுக்குவது அவள் வேலை. செதுக்கினால் மட்டும் போதாது. பளபளக்கும் பித்தளையில் கோடு கண்ணுக்கே தெரியாது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த விளக்குக்கரியைக் கோடுகளுக்குள் அழுத்தித் தேய்த்து, அட்டையில் இழுத்துக் கட்டிய துணியால் மேலாகத் துடைத்தெடுக்க வேண்டும். அப்போதுதான் கொடி உயிரோடு எழுந்து நிற்கும்.

ஒரே ஓர் இலைக்கு மட்டும் அவள் கரி பூசமாட்டாள். அது அவளுடைய கையெழுத்து. ஏன் என்று ஹோபார்ட் ஒருநாள் கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை.

"ஐவி, ஒரு எல விட்டுப்போச்சு பாரு. இரு, நானே பாத்துக்கறேன்," என்று அன்பாக அதையும் கறுப்பாக்கிவிடுவான்.

சந்தையில் யாராவது வேலைப்பாட்டைப் புகழ்ந்தால், "எல்லாம் எங்க வீட்ல செஞ்சது," என்பான் பெருமையாக. வீடு என்று அவன் சொன்னது மனைவியான தன்னையா, கூரையையா என்று அவள் அடுப்பருகே நின்று யோசித்ததுண்டு.

இப்போது வயதாகி, அவன் கை நடுங்குகிறது. இந்தத் துப்பாக்கியோடு போதும் என்று அவனே சொல்லிவிட்டான்.

மூடிக்குக் கரி பூசித் துடைத்துவிட்டு, அடுப்பில் கொதித்த பீன்ஸைக் கிளறிவர ஐவலீ எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவன் விரலில் கரி இருந்தது.

"இன்னிக்கும் ஒண்ண விட்டுட்ட. கெழவிக்குக் கண்ணு போச்சு."

"உன் கை மட்டும் ஆடாம நிக்குதாக்கும்."

"ஆடுனா என்ன? ஒரு எலைக்கு இது போதும்."

விரல் தடுமாறிக்கொண்டே இலையை நெருங்கியது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கரி அவள் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.

"விடு, கெழவா."

"வாங்கறவன் குறைன்னு சொல்லுவான், ஐவி."

"குறை இல்ல. அந்த எல நான்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு இலையைப் பார்த்தான். விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்போ... இதுக்கு முன்னாடி எல்லாம்?"

"எல்லாத்துலயும்தான்."

அவன் கையை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். அந்தத் துப்பாக்கிகள் எந்தெந்த ஊர்ச் சுவர்களில் தொங்குகின்றனவோ. ஒன்றுகூட இனித் திரும்பி வராது. "சொல்லியிருக்கலாம்ல," என்றான் தாழ்ந்த குரலில்.

"சொல்லியிருக்கலாம்."

குழல்மேல் பதித்த வெள்ளித் தகட்டில் அவன் பெயர் வெட்டப்பட்டு, கரி பூசாமல் மங்கலாகத் தெரிந்தது. அதன் கீழே இடம் இருந்தது. அவள் உளியை எடுத்தாள். ஆனால் அதைத் தகட்டில் வைக்கவில்லை.

"மான் சிரிக்கும்னு அன்னிக்கு நான் வேடிக்கைக்குத்தான் சொன்னேன், ஹோபார்ட். இதுல என் பேரும் வேணும். உன் பேருக்குக் கீழ. நான் வெட்டறேன், கரிய நீ தேய்."