அக்கா வரும் முப்பத்தெட்டு வாக்கியங்கள்

பத்தொன்பது வருடங்களாக நான் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம் எழுதுகிறேன். புத்தகம் என்றதும் கதை, கட்டுரை என்று நினைத்துவிட வேண்டாம். கோடிட்ட இடம், அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தை முழுசாக எழுதி, அதன் வினைச்சொல்லைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, ‘சரியான வடிவத்தில் நிரப்புக’ என்று மிரட்டுவதுதான் என் பிழைப்பு. கடைசிப் பக்கத்தில் விடைப்பட்டியல் வரும். ஒவ்வொரு பதிப்புக்கும் பழைய பட்டியலைப் பார்க்காமல், நானே ஒரு பிள்ளையைப் போல உட்கார்ந்து முழுப் புத்தகத்தையும் புதிதாக நிரப்பி அதை எழுதுவேன். அதில் தப்பு வந்ததே இல்லை, அக்கா போகும்வரை.

இந்த வருடம் வந்தது. பயிற்சி பதினேழு, நான்காவது கேள்வி. ‘என் அக்காவும் நானும் வீட்டில் இருக்கிறோம்’ என்று ஆங்கிலத்தில் வர வேண்டும். இரண்டு பேர், ஆகவே ‘ஆர்’. ஆனால் கோட்டுக்கு முன்னால் ‘ஐ’ நிற்கிறதே என்று பாதி வகுப்பு ‘ஆம்’ என்று எழுதும். அந்தப் பாதி வகுப்பைப் பிடிப்பதற்காக நான் வைத்த பொறி அது. பத்தொன்பதாவது வருடம் நானே போய் அதில் மாட்டிக்கொண்டேன். ஒற்றை ஆளுக்கு உரிய வினையை என் கையெழுத்தில், என் பச்சை மையில், எழுதி வைத்திருந்தேன்.

அச்சுக்குப் போவதற்கு முன் அச்சக முதலாளி பார்த்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“ஆனைக்கும் அடி சறுக்கும்மா. ஆனா நம்ம ஆனை சறுக்கினா அஞ்சாயிரம் பிள்ளைங்க கூடவே சறுக்கும்.”

“திருத்திட்டேன்.”

“அது சரி. நான் சொல்றது வேற. அக்கா வர்ற வாக்கியம் எல்லாத்தையும் இந்தப் பதிப்புல எடுத்துடுங்க. உங்களுக்கும் அது நல்லது.”

“முப்பத்தெட்டு இருக்கு.”

“எண்ணி வெச்சிருக்கீங்க பாருங்க,” என்றார் அவர். அடுத்த மாதக் கடைசிக்குள் முடிக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

முப்பத்தெட்டு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் வேலையில் வாரத்துக்கு நூறு வாக்கியம் வேண்டும். ஒருமை எழுவாய், நிகழ்காலம், தினமும் நடக்கிற காரியம். ராஜாவும் ராணியும் நாலு நாளைக்குத்தான் தாங்குவார்கள். அப்புறம் கண் வீட்டுக்குள்தான் போகும். வீட்டில் இருந்தது அக்கா. அவள் எது செய்தாலும் நான் எழுதிக்கொண்டேன். அக்கா வெள்ளிக்கிழமைகளில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். அக்கா சமையலறை ஜன்னலைத் திறந்து வைக்கிறாள். அக்கா கைக்குட்டைகளை முக்கோணமாக மடிக்கிறாள். அக்கா கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைக்கிறாள். அக்கா மாற்றுச் சாவியை நீலத் தொட்டிக்கு அடியில் வைக்கிறாள். தமிழில் வினையைப் பார்த்தாலே அவளா, அவனா, மரியாதையா என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஒருத்தி என்றால் வாலில் ஓர் ‘எஸ்’, அவ்வளவுதான். அந்த ‘எஸ்’ஸை ஒட்டி ஒட்டியே எங்கள் வீட்டை முழுக்க அச்சில் ஏற்றிவிட்டேன்.

“என்னைச் சக்கையாப் பிழியறடி,” என்பாள் அக்கா. “நாளைக்கு நான் தும்மினாலும் அதுல ஒரு கோடு போட்டுடுவே.”

போட்டேன். பயிற்சி முப்பது, இரண்டாவது கேள்வி.

முதலாளி சொன்ன வாரமே அது தொடங்கியது. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மாடிப்படி ஏறி வீட்டு வாசலுக்கு வந்தேன். வாசலில் ஐந்து தொட்டிகள் வரிசையாக இருக்கும். அக்கா போனபின் நான் அவற்றைத் திரும்பிப் பார்த்ததில்லை, குச்சியாக நின்றன. அன்று ஐந்திலும் மண் ஈரமாக இருந்தது. பக்கத்து வீட்டைக் கேட்கலாம் என்று திரும்பினேன். அங்கே ஒரு மாதமாகப் பூட்டுத் தொங்குகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. நான் தாழ் போட்டுவிட்டுத்தான் போவேன், இரண்டு தடவை இழுத்தும் பார்ப்பேன். அலமாரியில் என் கைக்குட்டைகள் முக்கோணமாக மடிக்கப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. நான் அவற்றைச் சுருட்டி எறிகிற ரகம்.

அதற்கடுத்த வெள்ளி, கூடத்துச் சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வாரத்தில் நின்றது அது. நான் சாவி கொடுக்கவே இல்லை. என் கைக்கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடம் முன்னால் ஓடியது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரளவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். கடிகாரத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினோரு மாதத்துக்குப் பின் முதல்முறையாக வீட்டில் நான் வாய் திறந்து பேசினேன்.

“எடுத்துடச் சொல்றாரு அக்கா. நான் எடுக்கமாட்டேன். நீ பாட்டுக்கு இரு.”

கடிகாரம்தான் பதில் சொன்னது. ஆனாலும் அடுத்த ஆறு நாளும் நான் நடந்ததைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். குளியலறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். சாப்பாட்டு மேசையில் அவளுடைய நாற்காலியில் நான் போட்டு வைத்திருந்த அழுக்குத் துணியை எல்லாம் எடுத்து, இடத்தைத் துடைத்து வைத்தேன். முதலாளி கேட்டபோதெல்லாம், நடக்கிறது, நடக்கிறது என்றேன். ஒரு வாக்கியத்தைக்கூட அடிக்கவில்லை. அடித்தால் அவள் போய்விடுவாள் என்று நிச்சயமாக நம்பினேன்.

நான்காவது வெள்ளி, மேசைமேல் ஒரு கோப்பை டீ இருந்தது, தட்டால் மூடி. தொட்டால் சூடு இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நின்றபடியே எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

சர்க்கரை இல்லை.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு கதவாகப் பார்த்தேன்.

அக்கா டீக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்வாள். நீரிழிவு வந்து, டாக்டர் தொடவே கூடாது என்று சொன்னபின்னும் மூன்று கரண்டி. “நீயாவது உன் புஸ்தகத்துல நான் சர்க்கரை இல்லாம குடிக்கிறேன்னு எழுதேன். அச்சுல வந்தா டாக்டர் நம்பிடுவாரு,” என்று ஒருநாள் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். பயிற்சி இருபத்திரண்டு, ஆறாவது கேள்வி. என் அக்கா சர்க்கரை இல்லாமல் டீ குடிக்கிறாள். புத்தகத்தில் நான் எழுதிய ஒரே பொய் அது. முதலில் கால்விரலில் புண் வந்தது, அப்புறம் கால், அப்புறம் பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அந்தச் சர்க்கரையைத் தினமும் கலக்கிக் கொடுத்தவள் நான். கொடுக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், எனக்கு அது பொறுக்காது. டாக்டரிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

புத்தகத்தை எடுத்து வைத்துச் சரிபார்த்தேன். தொட்டி, பயிற்சி ஒன்பது. ஜன்னல், பதினொன்று. கைக்குட்டை, பதினான்கு. கடிகாரம், இருபது. டீ, இருபத்திரண்டு. வரிசைகூடத் தப்பவில்லை. என் வீட்டுக்கு வந்துபோவது அக்கா இல்லை. நான் எழுதிய புத்தகம் வந்துபோகிறது.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை, தலைவலி என்று சொல்லி ஒரு மணிக்கே அச்சகத்தைவிட்டுக் கிளம்பினேன். அக்காவின் அறையில் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு வெளியே தொட்டி நகரும் சத்தம் கேட்டது. பூட்டில் சாவி திரும்பியது. செருப்பைக் கழற்றிவிட்டு யாரோ வெறுங்காலோடு உள்ளே வந்தார்கள். சமையலறை ஜன்னல் திறந்தது. அடுப்பு பற்றியது.

எழுந்து போய்ப் பார்த்தேன். அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்கிறவள் நின்றிருந்தாள். அச்சான தாள்களை மடித்து, அடுக்கி, தைத்து, பசை தடவுகிற பெண். ஐம்பது வயதிருக்கும். எல்லாரும் அவளை பைண்டிங்கக்கா என்பார்கள். நான் மட்டும் ‘ஏங்க’ என்பேன். எனக்கு ஏற்கெனவே ஓர் அக்கா இருந்தாள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் மெஷின் துடைக்கிற நேரம் என்பதால் மடிக்கத் தாள் வராது, அவளுக்கு வேலை இருக்காது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

கையும் களவுமாகப் பிடிபட்டவள் ஓடவில்லை. அடுப்பை அணைத்தாள்.

“மன்னிச்சுக்குங்க டீச்சர்,” என்றாள். நான் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை, ஆனாலும் அவளுக்கு நான் டீச்சர்தான்.

“உங்களை யாரு இங்க வரச் சொன்னது?”

“யாரும் சொல்லல. சாவி எங்க இருக்குன்னு தெரியும். ஒன்பதாவது பயிற்சி.”

“படிப்பீங்களா நீங்க?”

“வீணாப் போன தாளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவேன். பென்சிலால நிரப்புவேன். முதல்ல எல்லாம் தப்பா வரும். ஒருத்திக்கு எஸ் வரும், ரெண்டு பேருக்கு எஸ் போயிடும்னு புரியவே ரெண்டு வருஷம் ஆச்சு.” ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “எனக்கு வீட்டுல யாரும் இல்ல டீச்சர். உங்க அக்கா எத்தனை மணிக்கு எந்திரிக்கிறாங்க, எதுக்குச் சிரிக்கிறாங்க, எல்லாம் எனக்குப் பழக்கம். துக்கம் கேக்க வந்தேன்ல, அன்னைக்குச் செடி வாடிக் கெடந்துச்சு. மனசு கேக்கல. அப்புறம் முதலாளி அக்காவை எடுக்கச் சொன்னது காதுல விழுந்துச்சு. எடுக்கறதுக்குள்ள எல்லாத்தையும் ஒரு தடவையாவது செஞ்சு பாத்துடணும்னு தோணிச்சு.”

“நான் பயந்து செத்திருந்தா?”

“கோவிச்சுக்குவீங்கன்னுதான் நெனச்சேன். ஆனா ரெண்டாம் வாரத்துல இருந்து உங்க முகமே தெளிஞ்சிடுச்சு. அதான் நிறுத்த மனசு வரல.”

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவளுக்காக அழவில்லை. மூன்று வாரம் என்னோடு இருந்த அக்கா இப்போது இன்னொரு தடவை செத்துப்போனாள், அதற்காக அழுதேன். அவள் சாவியை மேசைமேல் வைத்தாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா டீச்சர்? அக்கா இன்னும் என்னவெல்லாம் செய்வாங்க? புஸ்தகத்துல வராதது?”

சொல்லலாம் என்று யோசித்தேன். படுக்கும்முன் சீப்பைக் கழுவுவாள் என்று சொல்ல வந்தேன். அது பயிற்சி நான்கு. மழை வந்தால் படியில் நின்று பார்ப்பாள். பயிற்சி இருபத்தாறு. தும்மினால் இரண்டு தடவை. அதுவும் இருக்கிறது. நாற்பது வருடம் ஒரே வீட்டில் கிடந்திருக்கிறேன், எதைத் தொட்டாலும் அது ஒரு கோட்டோடு வந்தது, அவளுக்கும் அது மனப்பாடமாக இருந்தது. எழுதி எழுதி அக்காவை நான் தீர்த்துவிட்டிருக்கிறேன். எனக்கென்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

மூன்று கரண்டி நினைவுக்கு வந்தது.

நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அடுத்த வாரம் இவள் மூன்று கரண்டி போடுவாள். அதுவும் இவளுடையதாகிவிடும்.

“அவ்வளவுதாங்க,” என்றேன். “எல்லாத்தையும் எழுதிட்டேன்.”

அவள் தலையாட்டினாள். செருப்பை மாட்டிக்கொள்ளும்போது, “அக்கா இல்லன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றாள்.

“கடிகாரம்,” என்றேன். “அக்கா ஒன்பது நிமிஷம்தான் முன்னால வைப்பா.”

அக்காவின் பழக்கம் என்று நான் சொன்ன இரண்டாவது பொய் அது. அவள் நம்பினாள், வருத்தப்பட்டாள்கூட. நான் மேசைமேல் கிடந்த சாவியை எடுத்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன். “செடிக்கு ஊத்துங்க. எனக்கு வராது,” என்றேன்.

மாதக் கடைசியில் முதலாளி மேசையில் தாள்களை வைத்தேன். முப்பத்தெட்டில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. பயிற்சி பதினேழு, நான்காவது கேள்விக்குப் பட்டியலில் ‘ஆர்’ என்று தெளிவாக எழுதியிருந்தேன். இருபத்திரண்டின் ஆறாவது கேள்வியில் மட்டும் பச்சைப் பேனா வெகுநேரம் நின்றது. அதில் கை வைக்காமல் அடுத்ததற்குப் போனேன். ஐயாயிரம் பிள்ளைகள் இந்த வருடமும் என் அக்காவுக்குச் சர்க்கரை இல்லாத டீ கொடுப்பார்கள். விடை சரி என்று மதிப்பெண்ணும் வாங்குவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது தொட்டிகள் ஈரமாக இருந்தன. கடிகாரம் ஒன்பது நிமிடம் முன்னால் ஓடியது. மேசையில் டீ மூடியிருந்தது. தட்டை எடுத்தேன். அலமாரியின் பின்வரிசையிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்து, கட்டிதட்டிப் போனதைக் கரண்டியால் குத்தி உடைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டேன். கரையும்வரை கலக்கினேன். கோப்பையை அக்காவின் நாற்காலிப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.