இறுக்காத மரையாணி

சனிக்கிழமை மத்தியானம். ஈப்போவில், தவுக்கே என்று எல்லோரும் அழைக்கும் சீன முதலாளி ஒருவரின் மர ஆலையில், பலகை இழைக்கும் மிசினைத் துடைத்துக்கொண்டிருந்தான் உடையப்பன். வாராவாரம் அவன் பார்க்கும் வேலைதான். மிசினைச் சுழற்றும் வார்ப்பட்டையைக் கழற்றி, அடைந்து கிடக்கும் மரச்சீவலைக் கூட்டி, எண்ணெய் விட்டு, கத்திகளைச் சாணை தீட்டித் திரும்பப் பூட்டவேண்டும். ஆனால் மனம் செமோர் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டுக்கு எப்போதோ போய்விட்டிருந்தது. அங்கே பால் வெட்டும் மனைவி ராக்காயியைப் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கும் ஆலை அது. கெஞ்சிக் கேட்ட பிறகுதான் தவுக்கே நாளை ஒரு நாளைக்கு லீவு கொடுத்திருந்தார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

“கத்தியெல்லாம் இறுக்கிட்டியா? காலையில நாந்தான் ஓட்டணும்” என்றான் கூட்டாளி பத்துமலை.

“எல்லாம் ஆச்சு, அண்ணே!”

சொல்லிக்கொண்டே ஓடினான்.

லயத்து வாசலில் அவனைக் கண்டதும் ராக்காயி ஓடிவந்தாள். அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கனவுன்னுல்ல நெனச்சேன்” என்றாள் மெல்ல.

சோறு போட்டாள். இரண்டு வாய் உண்டவன் அப்படியே கையை நிறுத்திவிட்டான்.

“என்னங்க?”

“கடைசிக் கத்திக்கு மரையாணிய வெரலால திருகுனதோட சரி, இறுக்கல. ஓட்டத்துல கத்தி தெறிச்சா ஆளே காலி.” சற்றுத் தயங்கினான். “பத்துமலை அண்ணன் பாத்துக்குவாரு. இப்பப் போனா, மறுபடி எப்ப விடுவாங்களோ.”

ராக்காயி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொடியில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

“நாளைக்கு அவரு பொண்டாட்டியும் சோத்த வச்சிக்கிட்டுக் காத்திருப்பால்ல? கெளம்புங்க.”

அந்த நேரத்துக்கு ரயில் இல்லை. ஈப்போவுக்கு ரப்பர் ஏற்றிப்போன மாட்டுவண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டான். வளைவு திரும்பும்வரை அவள் அசையவே இல்லை.

விடிந்து அவன் ஆலைக்குள் நுழைந்தபோது பத்துமலை வார்ப்பட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

“தொடாதீங்கண்ணே!”

உடையப்பனின் விரல் பட்டதுமே கடைசிக் கத்தியின் மரையாணி சுழன்றது. பத்துமலையின் முகம் வெளிறிப்போனது.

“அவளப் பாக்குற அவசரத்துல பொய் சொல்லிட்டேன், அண்ணே.”

உடையப்பன் ஸ்பானரை எடுத்து ஒவ்வொன்றாக இறுக்கினான். பக்கத்தில் வந்து நின்ற பத்துமலை அவன் தோளைத் தொட்டான்.

“பொண்டாட்டியப் பாக்க ஓடுனது தப்பில்லடா. சொல்லியிருந்தா நானே இறுக்கியிருப்பேன். செய்யாத வேலைய செஞ்சிட்டேன்னு சொன்ன பாரு, அதுதாண்டா ஆளக் கொல்லும்.”